நான்கெழுத்தில் திறந்த பட்டியல்

என் மேசை லாச்சிக்குள் பிள்ளைகளின் நிறை குறிக்கும் கார்டு ஒன்று கிடக்கிறது. பின்பக்கத்தின் மேலே ‘ஊசி’ (oosi) என்று ஆங்கில எழுத்தில் நான்கே எழுத்து. ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்த காலத்தில், எங்கள் டிஸ்பென்சரி மருத்துவத்தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுபவர், எழுதியது.

எந்தப் பிள்ளைக்கு எப்போது தடுப்பூசி என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் வாரியாகக் காட்டும் சிறு நிரல் ஒன்றை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அதைத் திறக்கக் கறுப்புத் திரையில் நீளமான கட்டளை தட்ட வேண்டும். “கிளாக்கரையா, இதத் தட்டி முடிக்கிறதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாண வயசு வந்துரும்” என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, ‘ஊசி’ என்று தட்டினாலே திறக்கும்படி செய்தேன்; மிஸ்ஸி அதை ஒரு கார்டின் பின்னால் குறித்துக்கொண்டார். பத்துத் தடவை சோதித்தேன். பத்துத் தடவையும் பட்டியல் இருந்த அதே கோப்புறைக்குள் நின்றுகொண்டுதான். “இனி இதுல வர்றதுதான் சரி மிஸ்ஸி” என்று பெருமை வேறு.

கிளினிக் நாளில் மிஸ்ஸி வேறு கோப்புறையிலிருந்து தட்டியிருக்கிறார். நிரல் அங்கே பட்டியலைத் தேடிக் காணாமல், சத்தமில்லாமல் வெறும் பட்டியல் ஒன்றை உண்டாக்கி, ‘இன்று யாரும் இல்லை’ என்றது. தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கிலிருந்து மழையில் இறங்கி வந்த மூன்று தாய்மார் திரும்பிப் போனார்கள். நான்காவது தாய் கார்டை நீட்டித் திகதியைக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. பக்கத்துத் தோட்டத்தில் சின்னமுத்து என்ற தட்டம்மை பரவியிருந்தது. அடுத்த கிளினிக்குக்கு ஒரு மாதம் இருந்தது. மிஸ்ஸி ஆபீசுக்கே வந்துவிட்டார். “ஐஸ் பெட்டிய நான் தூக்குறேன், கொடைய நீங்க புடிங்க. நடங்க மேக்கணக்குக்கு!”

ஏறினோம். அட்டை கடித்தது, உதறிவிட்டு நடந்தேன். மூன்று பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாயிற்று. தாய்மார் யாராவது ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள்: “நம்ம பேரு எந்த லிஸ்ட்டுலங்க ஒழுங்கா இருந்துச்சு? அதான் பேசாம வந்துட்டோம்.” வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

மறுநாள் நிரலைத் திருத்தினேன். பட்டியல் கிடைக்காவிட்டால், ‘பட்டியலைக் காணோம், யாரையும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்’ என்று சொல்லும்.

இப்போது கொழும்பில் நிரல் எழுதுவதே என் வேலை. எதையும் கையளிக்கும் முன் சம்பந்தமில்லாத ஒரு கோப்புறைக்குப் போய் நின்று திறந்து பார்ப்பேன். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்று லயத்து வாசலில் வைத்து, “இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று மிஸ்ஸி தந்த கார்டு இது. நான்கெழுத்துக்குக் கீழே, மழையில் சற்றே கலங்கி, அந்த மூன்று பிள்ளைகளின் பெயர்கள்.