பாதி வாசித்துவிட்டு நான் பேசிய நாவல்

என் நண்பனின் நாவலைப் பாதிதான் வாசித்தேன். முழுவதும் வாசித்தவனைப் போல மேடையேறி அதைக் கிழித்தேன்.

களுவாஞ்சிக்குடியில் நடந்த வெளியீட்டு விழா அது. நூலைப் பற்றிப் பேசும் நயவுரை என்னுடையது. முன்னுரையும் முதல் சில அத்தியாயங்களும் பார்த்தால் போதும், மிச்சத்தை மண், மக்கள், வலி என்று நிரப்பிவிடலாம் என்பது எங்கள் மேடைகளில் பழகிப்போன வித்தை. நான் அதில் தேர்ந்தவன்.

நாவல் ஒரு வேடிக்கைக் கதை. வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். அதில் ஏறுகிறவர்கள் அக்கரையில் வேறொரு காலத்தில் இறங்குகிறார்கள். ஒரு கிராம அதிகாரி ஒல்லாந்தர் காலத்தில் இறங்கி, குதிரையில் வந்த துரையிடம் அடையாள அட்டை கேட்கிறார். இன்னொருவர் தன் கலியாணத்தைத் தடுக்கப் போய், ஆள் போதாமல் பந்தியில் சோறு பரிமாற மாட்டிக்கொள்கிறார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"இவ்வளவு இழந்த மண்ணில் இப்படிச் சிரிக்க எப்படி மனம் வந்தது? இதில் ஒரு துளிக் கண்ணீர் உண்டா?" என்று மேடையில் கேட்டேன். கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த நண்பனின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அவர்களுடைய ஒரே மகளைச் சுனாமி கொண்டுபோயிருந்தது.

போன வருடம் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தேன். எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்கக் கையில் அகப்பட்ட புத்தகத்தைப் பிரித்தேன். அதே நாவல். இந்த முறை கடைசிவரை வாசித்தேன்.

பிற்பாதியில் ஒரு கிழவர் பாதையேறி, கடல் வருவதற்கு முந்திய நாளில் தன் வீட்டு முற்றத்துக்குப் போகிறார். மகளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "எங்கட அப்பாக்குத் தலை நிறைய முடி. நீங்க ஆரு, மொட்டை?" என்கிறாள். பசித்தவர் என்று பிட்டு வைக்கிறாள். எழும்பிப் போக மனமில்லாமல் அவர் இன்னும் இன்னும் கேட்கிறார். "வயிறா, சாக்கா?" என்று ஏசுகிறாள். வரப்போவதைச் சொல்ல வாய் திறந்தால் கொட்டாவிதான் வரும் என்பது அந்தப் பாதையின் விதி. அவர் சொல்லப் பார்க்கிறார், கொட்டாவி விடுகிறார். மறுபடி பார்க்கிறார், மறுபடி கொட்டாவி. பாவம், நித்திரை வருகிறதாக்கும் என்று மகள் பாய் விரித்துக் கொடுக்கிறாள்.

சிரிப்பைக் கைவிட்டிருந்தால் என் நண்பனால் அந்த முற்றத்தில் நின்றிருக்க முடியாது. இந்த நாவலைப் பற்றி என் கருத்து இவ்வளவுதான். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. இப்போதெல்லாம் வாவிக் கரையில் பாதையைக் கண்டால் ஏறத் தோன்றுகிறது. ஒல்லாந்தர் காலம் வேண்டாம். என்னைப் பேச அழைப்பதற்குச் சற்று முந்திய அந்த மண்டபம் போதும்.

குருக்கள்மடத்துக்கு, அவன் வீட்டுக்குப் போனேன்.

"நாவல வாசிச்சன், மச்சான்."

"இப்பதானா? சோறு பரிமாறினவனோட நீ நிண்டுட்டாய் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"இன்னொரு கூட்டம் வைப்பம். எல்லாருக்கும் முன்னால திருத்திப் பேசுறன்."

"கூட்டத்த விடு. உன்ட பேச்சக் கேட்ட நாள்ல இருந்து அவள் அந்தப் புத்தகத்தத் தொடயில்ல. நான் பிள்ளைய மறந்து கூத்தடிச்சன் எண்டு நினைச்சிட்டாள்."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"எழுதினவனே வந்து விளக்கம் சொல்லுறதா? படிச்ச மனிசன் நீ மைக்கில சொன்னாய். அதுக்குப் பிறகு என்ட சொல் எடுபடுமா?"

அவன் மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழும்பி, வாசிக்காமல் பேசியதை அவரிடம் சொன்னேன். கொண்டுபோன புத்தகத்தின் பிற்பாதியைப் பிரித்துச் சத்தமாக வாசித்தேன். மொட்டை என்ற இடத்தில் வாயைப் பொத்திச் சிரித்தார். கொட்டாவியில் சிரிப்பு நின்றது. நானும் நிறுத்தினேன்.

"மறுகா? வாசிங்க அண்ணன்."

பாய் விரித்ததுவரை வாசித்தேன். அவர் கணவனைப் பார்த்தார்.

"எந்தப் பாய்? அந்தக் கரை கிழிஞ்சதா?"

"ஓம். அதுதான்."

"அது அவள்ட பாயெலுவா. ஆரையும் படுக்க விடமாட்டாளே."

பிறகு இருவரும் மகளைப் பற்றியே பேசினார்கள். என்னைக் கவனிக்கவில்லை. புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் இப்போது அதை முதலிலிருந்து வாசிக்கிறாராம். அந்த நாவலுக்குப் பிறகு நண்பன் இன்னும் எதுவும் எழுதவில்லை. கேட்டால், "நீ முழுசா வாசிப்பாயெண்டா யோசிக்கிறன்" என்கிறான்.