வாரேன் என்று சொல்லிவிட்டுப் போன சேதி

கதை என்று நினைத்து இதைப் படிக்காதீர்கள், கண்ணுகளா. நடந்தது. இந்த வைகாசியில், நாமக்கல்லில், பட்டப்பகலில் நடந்தது. ஜாக்குலின் என் எதிரில் உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பி ஆறி ஆடை கட்டும்வரை தொடாமல், ஒன்று விடாமல் சொன்னாள். அந்த மலை ஊரின் பேரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை.

ஜாக்குலின் ஒரு சின்ன வானொலியில் வேலை பார்க்கிறவள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ‘மலைச்சனம்’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவாள். வாரம் ஒருவர். பள்ளிக்கூடத்தில் சோறாக்குகிற அம்மா, மினி பஸ் ஓட்டுகிறவர், மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர்... பேப்பரில் பேர் வராத மனுசர்கள். அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பாள். முடிக்கும்போது ஒவ்வொருவரும் “போயிட்டு வாரேனுங்க” என்று சொல்லி விடைபெற வேண்டும். அதுதான் நிகழ்ச்சியின் முத்திரை. அதைக் கேட்டதும் மலையில் ரேடியோ வைத்திருக்கிற வீடெல்லாம் சிரிக்கும்.

அந்த வாரம் சின்னண்ணன். எழுபதைத் தாண்டியவர். போன் வராத காலத்தில் மலையில் யார் செத்தாலும் ஊர் ஊராக நடந்துபோய் இழவு சேதி சொன்னவர். மழைக்கும் நின்றதில்லை, கரடிக்கும் நின்றதில்லை.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. வாசலோடு நின்று “ஊட்ல ஆருங்க?” என்று கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து பதில் வந்தால்தான் சேதி. செத்தவர் பேர் ஒரே ஒரு தடவை. ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. கேட்டவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். சொன்னவர் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டிவிட வேண்டும்.

“போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லப்படாதுங்க,” என்றார். “அந்தச் சேதி திரும்பி வரப்படாது பாருங்க.”

எப்படிச் சொல்வீர்கள் என்று சொல்லிக் காட்டச் சொன்னாள். தயங்கித் தயங்கிச் சொல்லிக் காட்டினார். பேர் வர வேண்டிய இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டார். உயிரோடு இருக்கிறவர் பேரையும் சொல்ல மாட்டாராம், செத்தவரை மறுபடி சாகடிக்கவும் மாட்டாராம். ஒரு மௌனம். பிறகு “தவறிட்டாங்க.” அவ்வளவுதான். விடைபெறும் வார்த்தையைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை.

நிலையப் பொறுப்பாளர் ஜீவானந்தத்துக்கு இது பிடிக்கவில்லை. முத்திரை இல்லாமல் ஒலிபரப்ப முடியாது என்றுவிட்டார். ஜாக்குலின் தேடினாள். பேட்டி எடுத்த அன்று காலை டீக்கடைக்காரரிடம் சின்னண்ணன் விடைபெற்றது மைக்கில் பதிவாகியிருந்தது. “போயிட்டு வாரேனுங்க.” அதை வெட்டினாள். இழவு சேதியின் வாலில் ஒட்டினாள். நடுவில் இருந்த மௌனத்தையும் எடுத்துவிட்டாள். ரேடியோவில் சத்தம் நின்றால் நிலையமே நின்றுபோனது என்று நினைப்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் அந்த இடம் நேர்கோடாகத்தான் இருந்தது. காதில் கேட்காமல், கண்ணால் பார்த்தே நீக்கினாள்.

சனிக்கிழமை ஒலிபரப்பானது.

வழக்கமாக மலையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அன்று ஒன்றுகூட வரவில்லை. ஞாயிறும் இல்லை. திங்கட்கிழமை அவளே கூப்பிட்டுப் பார்த்தாள். “நான் ஜாக்குலின் பேசறேன்” என்றதும் ஒரு வீட்டில் போனை வைத்துவிட்டார்கள். அடுத்த வீட்டில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். மூன்றாவது வீட்டில் வள்ளியாத்தாள் எடுத்தாள். முன்பு நிகழ்ச்சியில் பேசியவள்.

“அந்தப் புள்ளதான் போயிருச்சே,” என்றாள் வள்ளியாத்தாள். “நீ ஆரு?”

மறுநாள் காலை ஜாக்குலின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். நாமக்கல் வீட்டில் அப்பா உபகாரசாமி மட்டும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் காலமெல்லாம் சுத்தியல் பிடித்தவர். தங்கமான மனுசர். கொரியர் கொண்டுவருகிற பையனைக்கூட உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுப்பார். யாரையும் வெயிலில் நிற்க விட மாட்டார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சாமி.

ஊருக்குள் நுழைந்தாள். வாசலுக்கு வாசல் பெண்கள் தலையை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தலையும் ஈரம். குழந்தைகள் தலையும் ஈரம். அன்று நோன்போ விசேஷமோ ஒன்றுமில்லை. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

சின்னண்ணன் வாசலில் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு. கழுத்தில் தண்ணீர் வழிந்தது.

என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

“உச்சிப் பொழுதானா என்ற குரல்ல ஒண்ணு ஊடு ஊடாப் போகுதுங்க. நான் இங்கதான் நிக்கறேன். எதுத்த ஊட்டு வாசல்ல என்ற குரல் கேக்குது. நேத்து என்ற வாசல்லயே கேட்டுது. தலைக்கு ஊத்துன தண்ணி இன்னும் காயலீங்க.”

“ஆரு பேரைச் சொல்லுதுங்க அய்யா?”

அவர் திரும்பவில்லை.

“உங்க பேரைத்தானுங்க.”

காற்றே இல்லை. எங்கோ ஒரு பலாப்பழம் விழுந்து வெடித்தது.

“மலையில எல்லா ஊடும் முடிஞ்சுது,” என்றார். “கடைசியாத்தான் பெத்தவங்க ஊட்டுக்குப் போவோம். அவிங்க பதில் சொல்லிட்டா சேதி நெசமாயிருமுங்க.”

ஜாக்குலின் போனில் மணி பார்த்தாள். 11.57.

டவர் கிடைக்கவில்லை. பாறை மேல் ஏறினாள். அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது... அடித்தது...

“சொல்லு சாமி,” என்றார் அப்பா.

அவள் வாயைத் திறப்பதற்குள், போனுக்குள் நாமக்கல்லின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

வாசல் கேட்டின் தாழ்ப்பாள் விழும் சத்தம்.

“இரு சாமி. வாசல்ல ஆரோ வந்திருக்கறாங்க.”

“அப்பா, பதில் சொல்லாதீங்க. வாயவே தொறக்காதீங்க. மாதா மேல ஆணை.”

மூச்சு மட்டும் கேட்டது. அப்பாவின் மூச்சு.

பிறகு... தூரத்தில்...

“ஊட்ல ஆருங்க?”

சின்னண்ணனின் குரல்.

ஜாக்குலின் கீழே பார்த்தாள். சின்னண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இப்போது அவளைப் பார்த்தபடி. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

“ஊட்ல ஆருங்க?”

இன்னும் பக்கத்தில்.

அப்பா பேசவில்லை.

மூன்றாவது தடவை அது கூப்பிடுவது போல இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கதவில் வாயை வைத்து...

“ஊட்ல... ஆருங்க?”

மௌனம்.

பிறகு, நல்ல மரியாதையாக...

“போயிட்டு வாரேனுங்க.”

அவள் ஒட்டிய அதே வார்த்தை. டீக்கடைப் பாய்லர் இரைச்சல்கூடப் பின்னால் அப்படியே கேட்டது.

சொன்னபடி வந்தது, கண்ணுகளா. மறுநாள். அதற்கும் மறுநாள். சங்கு ஊதினால் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் விழும். பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார். வானொலியில் மன்னிப்புக் கேட்டு, ஒட்டியதை நீக்கிவிட்டு மறுபடி ஒலிபரப்பினார்கள். நிற்கவில்லை. ஜாக்குலின் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, உச்சிப் பொழுதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஜெபமாலையை உருட்டுவார். வாய் திறக்க மாட்டார்.

என்னிடம் வருவதற்கு முந்தின நாள்தான் அவளுக்கு அந்த மௌனம் ஞாபகம் வந்ததாம். வெட்டி எறிந்த நேர்கோடு. முதல் பதிவைத் திறந்து, ஹெட்போன் மாட்டி, சத்தத்தை முழுக்கக் கூட்டிக் கேட்டிருக்கிறாள்.

ஒன்றுமில்லை. பூச்சிச் சத்தம்.

பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். அவள் அப்பாவின் குரல்.

“நாந்தானுங்க. சொல்லுங்க.”

அதற்குப் பின்னால் தண்ணீர். ஒரு செம்பு. இன்னொரு செம்பு. தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

அது பதிவானது ஒலிபரப்புக்கு ஒரு வாரம் முன்பு. உபகாரசாமி பிறந்ததிலிருந்து அந்த மலையில் கால் வைத்ததில்லை.

நேற்று ஜாக்குலின் போன் செய்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா வாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

“பாவம் சாமி. எத்தன நாளைக்குத்தான் அந்த மனுசனை வெயில்ல நிக்க வெக்கறது?”