உறுதியில் ஒரு பொய் வரி

டொராண்டோவின் ரூஜ் பகுதியில் நாங்கள் இருக்கும் வீட்டை எனக்கு விற்றவர் என் நண்பர். கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரே அப்பார்ட்மென்டில் நான்கு வருடம் ஒன்றாக இருந்தோம். அவர் கல்யாணம் முடித்து இந்த வீட்டை வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு இங்கேதான் சாப்பாடு. அவருடைய மனைவி வைக்கும் நண்டுக் குழம்புக்காகவே என் பிள்ளைகள் வருவார்கள்.

தாய்க்குப் பாரிசவாதம் என்று அவர் மனைவி யாழ்ப்பாணம் போனார். ஒரு வருடம் கடந்தும் திரும்பவில்லை. ஒரு நாள் நண்பர் வந்து, "வீட்டை விக்கப்போறன். வெளியாக்களுக்குக் குடுக்க மனமில்லை, நீ எடு" என்றார்.

"அவ என்ன சொல்லுறா?"

"அதெல்லாம் முடிஞ்ச கதை."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. விலை எனக்குக் கட்டுப்படியாக இருந்தது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை.

கையெழுத்து வைக்கும் நாளில் எங்கள் வழக்கறிஞர், வயதில் மிக இளைய தமிழ்ப் பெண், வீட்டு உறுதிப் பத்திரத்தை வாசித்து விளக்கினார்.

"இதில விக்கிறவர் தனக்கு மனைவி இல்லையெண்டு சொல்லியிருக்கிறார், அங்கிள். குடும்பம் இருந்த வீட்டை ஒராள் தனிய விக்கேலாது, மற்றவரும் சம்மதிக்க வேணும். இந்த வரியை நம்பி வாங்கினால் சட்டம் உங்களைப் பாதுகாக்கும். அது பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு வாங்கினால் பாதுகாக்காது." பேனாவை என் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு வேற ஒண்டும் தெரியாதுதானே?"

"தெரியாது" என்றேன்.

குடிவந்து ஐந்தாம் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, முன்கதவில் யாரோ திறப்பைப் போட்டுத் திருகும் சத்தம் கேட்டது. பூட்டை நாங்கள் மாற்றியிருந்தோம். கதவைத் திறந்தேன். இரண்டு சூட்கேசுகளோடு நண்பரின் மனைவி நின்றார்.

"அண்ணை, நீங்களோ? இஞ்ச என்ன செய்யிறியள்?"

சிரித்தபடிதான் கேட்டார். எனக்குப் பின்னால் எங்கள் சோபாவையும் சுவரில் என் பிள்ளைகளின் படங்களையும் கண்ட பிறகுதான் முகம் மாறியது.

"போன கிழமையும் என்னோட கதைச்சவரே" என்றார். "தான் தனிய இருந்து சமைச்சுச் சாப்பிடுறன் எண்டு சொன்னவர்."

நண்பர் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டதாக நான் கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னேன். என் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியை அவர் தொடவில்லை. பனியில் நனைந்த படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

விற்பனையைச் செல்லாதாக்கக் கேட்டு அவர் வழக்குப் போட்டார். வாங்கும்போது அவர் இன்னும் நண்பரின் மனைவிதான் என்று எனக்குத் தெரியுமா என்பதுதான் முழு வழக்கும். தெரியும் என்ற உண்மையைக் கோர்ட்டில் சொல்லிவிடலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன்.

"பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு எங்க போறது?" என்றாள். பிறகு மெதுவாக, "அந்தாள் சொன்னதைத்தானே நீங்கள் நம்பினனீங்கள்" என்றாள்.

அவர்கள் விவாகரத்துச் செய்துவிட்டதாக நம்பினேன் என்று கோர்ட்டுக்குக் கொடுக்கும் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன். விவாகரத்து என்ற சொல்லை நண்பர் ஒருபோதும் என்னிடம் சொன்னதில்லை. சில மாதங்களில் அவர் மனைவி களைத்துப்போய் வழக்கைக் கைவிட்டார். ஒன்றும் தெரியாமல் வாங்குகிறவனுக்காக எழுதிய பாதுகாப்பை, தெரிந்தே வாங்கிய நான் எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் காசு கட்டும் இடத்தில் வேலைக்கு நின்றவர் நண்பரின் மனைவி. வேறு வரிசைக்கு மாற வழியில்லை. என் சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார்.

"பிள்ளையள் சுகமோ, அண்ணை?"

"ஓம்" என்றேன்.

இப்போது மரக்கறி வாங்க யூனியன்வில் பக்கம் போகிறோம். ஏன் இவ்வளவு தூரம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அங்கே மலிவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.