இன்னாசிமேரியின் எலுமிச்சைக் கன்று

வாத்தியார் பெண்டாட்டி என்றால் ஊரில் மதிப்புண்டு. ஆனால் எந்த ஊர் என்பதுதான் நிச்சயமில்லை. அருளானந்தம் வாத்தியாருக்கு மிஷன் பள்ளியில் எப்போது மாற்றல் வரும் என்பது மாதாவுக்கே வெளிச்சம். அவரைக் கட்டிக்கொண்ட இன்னாசிமேரி வாடகை வீடுகளிலேயே பாதி வயசைக் கழித்துவிட்டாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. சொந்தமாய் ஒரு துண்டு மண், அதில் ஓர் எலுமிச்சை மரம். அடுப்படியில் இருக்கும்போதே மனசு அந்த மரத்தடிக்குப் போய்ப் பாய் விரித்துவிடும். வெள்ளைப் பூக்கள் முகத்தில் உதிரும். கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் திரும்பி வருவாள்.

ஏலாக்குறிச்சியில் இருந்தபோது ஒரு விதையைச் சின்னக் கலயத்தில் ஊன்றினாள். கன்று ஒரு சாண் வளர்வதற்குள் மீன்சுருட்டிக்கு மாற்றல். வண்டியில் கலயம் அவள் மடியிலேயே வந்தது. போய் இறங்கிய வீட்டில் நெல் கொட்டும் பெரிய மொடாப் பானை ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. ஆசை யாரை விட்டது? வயல் களிமண்ணும் சாணியுமாக அதை நிரப்பி, நடுவில் அந்தச் சாண் கன்றை வைத்தாள். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினாள்.

இலைகள் மஞ்சளித்துக் கொட்டின. பயந்துபோய் இன்னும் ஊற்றினாள்.

"கைப்புள்ளைக்கு அப்பன் சட்டையைப் போட்டு வுட்டிருக்கே" என்று வாத்தியார் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையை விட்டுத் தோண்டினாள். மேலே காய்ந்திருந்த மண் உள்ளே சேறாக நாறியது. வேர்நுனி கறுத்திருந்தது.

"ஏங்க, ஊத்தி ஊத்தி நானே கொன்னுட்டேங்க!"

அழுதுகொண்டே அழுகலைக் கிள்ளினாள். செம்மண்ணோடு கொள்ளிடத்து மணலையும் மக்கிய சருகையும் கலந்து, பழைய கலயத்திலேயே நட்டாள். விரலை விட்டுப் பார்த்து, ஈரம் காய்ந்தால் மட்டுமே தண்ணீர். ஈஸ்டருக்கு முந்தைய தவசுக்காலம் முடிகிற சமயம் ஒரு துளிர் வந்தது. அதன்பிறகு கலயத்தின் அடி ஓட்டை வழியே வேர் எட்டிப்பார்த்தால்தான் அடுத்த பானை, அதுவும் இரண்டு விரற்கடை பெரிதாக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் வாத்தியார் ஓய்வு பெற்றார். வரதராஜன்பேட்டையில் அப்பன்வழிப் பங்காகக் கொஞ்சம் இடமும் வந்தது. அவரே குழி வெட்டினார். இன்னாசிமேரி பானையை உடைத்தாள். ஓடு உதிர்ந்தும் வேர்கள் சுற்றிச் சுற்றிப் பானை வடிவத்திலேயே நின்றன. அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். வெயில் ஏறியது.

"அப்படியே எறக்கிடேன் இன்னாசி. எவ்வளவு நேரம்?"

"செத்த இருங்க." அவள் இன்னொரு வேரைப் பிரித்தாள். "இனிமே எங்கயும் போவப்போறதில்லன்னு இதுக்குத் தெரிய வேணாமா?"

வாத்தியார் மண்வெட்டியைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, தன் பக்கத்து வேர்களைப் பிரிக்கத் தொடங்கினார்.