தள்ளிவிட்டுப் பொறுக்கிய வண்டிகள்

‘தள்ளிவிடுறவ’ என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு கல்யாண வீட்டில், கை கழுவும் குழாயடியில். “யாரா? நம்ம பெரியம்மா மகளோட மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி பொண்ணுதான். பழைய பைக் கடையில புகுந்து, நிக்கிற வண்டியை எல்லாம் கீழ தள்ளிவிட்டாளாம்” என்று ஒருத்தி சொன்னாள். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் அவளுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று தீர்ப்பெழுதிவிட்டு வாய் கொப்பளித்தார்கள்.

பைத்தியமெல்லாம் இல்லை. பத்தொன்பது வருஷம் பஸ் நிலையத்துப் பெட்டி வைக்கும் அறையில் சீட்டு கிழித்துக் கொடுத்தவள் அவள். கல்யாணம் வந்த வேகத்தில் போய்விட்டது. புருஷன் எங்கே என்று கேட்டால், “பெட்டியை வச்சுட்டுப் போன ஆளு திரும்ப வாங்க வரல” என்பாள். முதுகு நிறைய மூட்டையோடு வந்து இறங்கும் ஊர்சுற்றிகள் தினமும் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: சுத்திப் பார்க்கக் குறைஞ்ச வாடகைக்கு ஒரு சின்ன வண்டி கிடைக்குமா? அறையை மூடப் போவதாக அறிவிப்பு ஒட்டிய அன்றே, ஆறு பைக் வாங்கி வாடகைக்கு விடுவது என்று தீர்மானித்தாள்.

தம்பி பெண்டாட்டிக்கு அது பொறுக்கவில்லை.

“எதுக்கு அண்ணி இந்த வயசுல அலைச்சல்? எங்க வீட்டுக்கே வந்துடுங்க. சமையல்கட்டுக்குப் பக்கத்து ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன்.”

சமையல்கட்டுக்குப் பக்கத்து அறை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? தம்பியின் மூன்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, ‘அண்ணி, உப்பு கம்மி’ என்பதைக் கேட்டுக்கேட்டே சாக வேண்டும். வண்டித் தொழில் படுத்தால் அந்த அறைதான் கதி.

தம்பியோ பெரிய வண்டிப் பைத்தியம். “அக்கா, பெருத்த டேங்க், தடி டயர்னு எடு. பாத்ததும் மயங்கி விழணும்.”

“வண்டியோட சேர்ந்து விழுந்தா யாருடா தூக்குறது?”

கடையில் அவள் முறை இதுதான். வண்டியை இடப்பக்கம் தள்ளிவிடுவாள். அடுத்து வலப்பக்கம். தானே தூக்கி நிறுத்தி உதைப்பாள். மூன்று உதைக்குள் கிளம்பினால் அதை ஓரமாக நிறுத்தச் சொல்வாள். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வண்டியைச் சோதிக்கிறீங்களா, என் உயிரைச் சோதிக்கிறீங்களா?”

“வாடகைக்கு எடுக்கிறவன் முதல் நாளே கீழ போடுவான், அண்ணே. நான் கொஞ்சம் முன்னாடி போடுறேன்.”

தம்பி காட்டிய தடியன் விழுந்த இடத்திலேயே கிடந்தது. மூன்று பேர் சேர்ந்துதான் நிமிர்த்தினார்கள். கடைசியில் நூறு சிசி வண்டிகளாக ஆறு தேறின. ஒல்லி உடம்பு, கொஞ்சமாகக் குடிக்கும், எந்தப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும்.

முன்பணம் எடுக்கும் நேரத்தில் தம்பி பெண்டாட்டி வந்து சேர்ந்தாள். “ஊர் சுத்துறவங்க ஜோடியா, மூட்டையோட வருவாங்க. இந்த வெட்டுக்கிளி அவங்களை மேட்டுல ஏத்துமா?”

அக்காக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. காலமெல்லாம் பெட்டியோடு குப்பை கொட்டியவள், ஒரு பெட்டிகூட வைக்காமல் வண்டி பார்த்திருக்கிறாள்! தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். பிறகு தம்பி பெண்டாட்டியை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். தாட்டியான உடம்பு.

“நீ பின்னாடி ஏறு. உன் புருஷன் ஓட்டட்டும். ஆஸ்பத்திரி மேட்டுல ஒண்ணுகூட ஏறலன்னா நாளைக்கே உன் வீட்டுக்கு வந்துடுறேன்.”

அந்த ஆசையில்தான் தம்பி பெண்டாட்டி ஏறினாள். முதுகில் மூட்டை, மடியில் பெட்டி. முதல் வண்டி பாதி மேட்டில் இருமிப் படுத்தது. இரண்டாவது அதற்கும் முன்பே. தம்பி பெண்டாட்டி முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி!

“அண்ணி, ரூமுக்கு வெள்ளையடிச்சிடவா?”

“வாயை மூடிட்டு அடுத்ததுல ஏறுடி.”

மூன்றாவது வண்டி முனகியது, புகைவிட்டது, தம்பி கியரைக் குறைத்ததும் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த்தான் நின்றது. மீதி மூன்றும் அப்படியே ஏறின. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய தம்பி பெண்டாட்டி, “ஏறித் தொலைக்குது” என்றாள். குணம் எத்தனை கோணலானாலும் பொய் சொல்ல மாட்டாள்.

ஏறாத இரண்டையும் கடைக்காரரிடமே விட்டுவிட்டு நாலு வண்டியோடு தொழில் தொடங்கினாள்.

இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் பதினொரு வண்டி வைத்திருக்கிறாள். வண்டிகள் நிற்கும் இடத்துக்கு மேலே மாடியறையில் தனியாக இருக்கிறாள்.