நீல அட்டையும் வெள்ளை அட்டையும்

இருட்டியபின் கதவை ஏதோ பிறாண்டினால் மற்றவர்களுக்கு அது காட்டுப்பன்றி. ஆஸ்பத்திரி நூலகம் பார்ப்பவளுக்கு டாக்டர். நூலகத் தூசியில் அட்டை எழுதியே தும்மும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

பிறாண்டல்

ஏற்காட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கணவர் நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். காப்பிப்பழம் பறிக்கும் காலத்தில் வீட்டுப் பக்கமே வரமாட்டார். நூலகத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் நானும் கைக்குழந்தையும்தான். அந்தச் சத்தம் கேட்டதும் கான்வென்டில் படித்த ஜெபம் அத்தனையும் ஒப்பித்துவிட்டுக் கதவைத் திறந்தால், சின்ன டாக்டர்! வார்டில் ஒரு பிரசவக் கேஸ், உடனே ஒரு கட்டுரை பார்க்க வேண்டுமாம். தட்டக்கூடாதா என்றேன்.

"பாப்பா முழிச்சுக்குமேன்னு பாத்தனுங்க."

பிடித்த நிறம்

மருத்துவக் கட்டுரைகள் பெட்டி பெட்டியாக வரும். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டிருந்தால் நீல அட்டையில் எழுதுவேன். ‘என் அனுபவத்தில்’ என்று ஆரம்பித்தால் வெள்ளை. பெரிய டாக்டரம்மா போட்ட சட்டம். சேலத்தில் ஏதோ பாங்கில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். எங்களுக்கு இந்த இரண்டு நிறமே போதும்.

மூத்த டாக்டர் ஒருவர் தன் ஆசை டானிக்கைப் பற்றிக் கேட்டார். நீலத்தில் எடுத்துக் கொடுத்தேன். குடித்தவர்களும் குடிக்காதவர்களும் ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை உள்ள வைங்கம்மா. எனக்கு ஒத்துப்போற மாதிரி நல்ல வெள்ளையா ஒண்ணு எடுங்க."

பேர் இல்லை

தலைச்சோலையிலிருந்து ஒரு தாய், பேதியாகும் குழந்தையோடு வந்தாள். சர்க்கரை உப்புத் தண்ணீர் கொடு, தாய்ப்பாலை நிறுத்தாதே என்று நர்ஸ் பிலோமினா சொன்னதை அவள் நம்பவில்லை. பிலோமினா அவளை நேரே என்னிடம் கூட்டி வந்துவிட்டாள். நீல அட்டைகளை விரித்து, பால் குடித்துக்கொண்டே இருந்த குழந்தைகள்தான் நன்றாகத் தேறின என்று படித்துக் காட்டினேன். அவள் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள்.

"எல்லாஞ் செரிங்க. இதுல எம்பட புள்ள பேரு எங்கீங்க போட்டிருக்குது?"

எங்கள் வீட்டுக் கேஸ்

போன வாரம் என் பாப்பாவுக்கே பேதி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரோசம்மா அக்கா, "பாலை நிறுத்து கண்ணு, வயிறு காஞ்சாத்தான் நிக்கும்" என்றார். குழந்தையின் கண் உள்ளே போகப் போக, என் படிப்பும் எங்கோ போய்விட்டது. நூலகத்துக்கு ஓடினேன். நானே எழுதிய நீல அட்டைக் கட்டைத் தள்ளிவிட்டு, பாலை நிறுத்தச் சொல்லும் வெள்ளை அட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அக்காவைத் தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஏதாவது ஆகிவிட்டால்? பின்னாலேயே வந்த பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, ஊர்ப் புள்ளைக்கு நீலம், உங்க புள்ளைக்கு மட்டும் வெள்ளைங்களா?"

ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர், நடுநடுவே பால். மறுநாள் பாப்பா ஒருவழியாக மூத்திரம் போய் என் மடியை நனைத்தபோது, சேலை நனைந்ததற்கு முதல்முறையாகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். இதோ, அது தூங்கியபின் எழுதுகிறேன்.

ஆதாரத்தை எப்படியும் தேடிப் பிடித்துவிடலாம் சகோதரிகளே, ஆனால் பிடித்ததை விடாமலிருக்கத் தாழ்ப்பாளும் வேண்டியிருக்கிறது என்பதால், ரோசம்மா அக்கா வசம்பு உரசிய கிண்ணத்தோடு படியேறுவதைப் பார்த்ததும், கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டேன்.