இதரப் பிரிவில் மாட்டாத படங்கள்

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் அளவு எடுப்பது அவர் வேலை. அதனால் தெருவுக்கெல்லாம் அவர் மீட்டரக்கா. ஒரு நாளைக்கு நூறு வீட்டுக்குக் குறையாமல் ஏறி இறங்குவார். தோள்பையில் அளவுப் புத்தகம், டார்ச், அதற்கடியில் ஒரு கேமரா. குழாயடியில் துணி அலசுபவர், ஜன்னலோரம் சவரம் செய்துகொள்பவர், மாடிப்படியில் செருப்பைத் தேடுபவர், யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். எல்லாம் கறுப்பு வெள்ளை.

பதினோரு வருடம் பிலிமில் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் வீட்டுக் குளியலறை டார்க்ரூம் ஆகிவிடும். ஜன்னலில் கறுப்புத் துணி, வாளிகள் மேல் பலகை, பலகை மேல் படம் கழுவும் மருந்துத் தட்டுகள். தையல்காரரான கணவர் வெளியே நின்று கதவைத் தட்டுவார். "கை கழுவலாமா, இல்ல அடுத்த வாரம் வரட்டுமா?" நூலகத்து மாடியில் கூடும் புகைப்படச் சங்கத்தில் கண்காட்சி என்றால் மீட்டரக்கா படம் முதல் வரிசையில்தான் இருக்கும். சங்கத் தலைவரான பல் டாக்டர், "பிரிண்ட் போடறதுன்னா இவங்ககிட்டதான் கத்துக்கணும்" என்று வாய் நிறையச் சொன்னவர்.

பிறகு விரல்கள் வெடித்தன. முதலில் நுனியில் அரிப்பு, அப்புறம் கொப்புளம், கடைசியில் பேனா பிடித்து நாலு எண் எழுத முடியாதபடி ரணம். கையுறை போட்டுப் பார்த்தார். மருந்து ஒரு சொட்டு உள்ளே போனாலே போதும், பத்து நாள் அவஸ்தை. தோல் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "படம் கழுவற அந்த டெவலப்பர் மருந்து உங்களுக்கு ஒத்துக்கலம்மா. அதை விடுங்க. இல்லேன்னா கை இப்படியேதான் இருக்கும்."

வேறு யாரிடமாவது கொடுத்துக் கழுவி வாங்கலாமே என்றார் கணவர்.

"நான் எடுத்த படத்துல கறுப்பு எவ்வளவுன்னு இன்னொருத்தர் முடிவு பண்றதா? முடியாதுங்க." படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரைச் சங்கத்துக்கே கொடுத்தார். நாத்தனார் பயன்படுத்தாமல் வைத்திருந்த டிஜிட்டல் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் மூன்று மாதம் வெறுத்துப்போனது. நிறத்தை எடுத்துவிட்டால் கறுப்பு வெள்ளை ஆகிவிடும் என்று நினைத்திருந்தார். வந்ததெல்லாம் சாம்பல் பூசிய படங்கள். சிவப்புப் புடவையும் பின்னாலிருந்த பச்சைச் சுவரும் ஒரே நிறமாகி, நடுவில் நின்ற பெண்ணே காணாமல் போனார். பிலிமில் வெளிச்சம் கொஞ்சம் தூக்கலாக விழுந்தாலும் வானத்தில் மேகம் மிச்சமிருக்கும். இதில் வெறும் வெள்ளைக் காகிதம். "இது என்னை ஏய்க்கப் பாக்குது" என்று கேமராவைத் திட்டினார். திட்டிக்கொண்டே கற்றார். வெளிச்சமான இடத்தைக் காப்பாற்றச் சற்று இருட்டாகவே எடுத்து, நிழலைப் பிறகு கணினியில் மீட்டார். முன்பு லென்ஸில் மஞ்சள் கண்ணாடி மாட்டி இருட்டாக்கிய வானத்தை, இப்போது நீலத்தை மட்டும் இறக்கி இருட்டாக்கினார். தன் கறுப்பு திரும்பி வர இரண்டு வருடம் ஆனது.

வந்த சமயத்தில் சங்கம் புது விதி போட்டது. கறுப்பு வெள்ளைப் பிரிவில் பிலிம் மட்டும். டிஜிட்டல் எல்லாம் 'இதரப் பிரிவு'. அதற்கு ஒதுக்கிய இடம், கழிப்பறைக்குப் போகும் நடை.

கூட்டத்தில் மீட்டரக்கா எழுந்து நின்று, தலைவரான பல் டாக்டரைக் கேட்டார். "டாக்டர், என் படம் கறுப்பு வெள்ளை இல்லேன்னா வேற என்ன கலரு?"

சிலர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்கம்மா. அது கம்ப்யூட்டர் செஞ்சு குடுக்கறது. கையால செய்யறதில்ல."

"போன வருஷம் நீங்க வெச்ச ஆத்துப் படத்துல வானத்தை எப்படிக் கறுப்பாக்கினீங்க?"

"பிரிண்ட் போடறப்ப தரையைக் கையால மறைச்சுக்கிட்டு, வானத்துக்கு மட்டும் கூட நேரம் வெளிச்சம் குடுத்தேன், பேப்பர்ல அந்த இடம் கறுத்துச்சு. எல்லாரும் செய்யறதுதானே?"

"நானும் அதைத்தான் செய்யறேன். நீங்க கைய நீட்டி மறைச்சா கலை, நான் மௌஸை நகர்த்தினா மோசடியா? சரி, ஒண்ணு செய்வோம். எங்க இருட்டாக்கினோம், எங்க வெளுப்பாக்கினோம்னு ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எழுதி வெப்போம். நான் எழுதறேன். நீங்களும் எழுதுங்க."

டாக்டர் செயலாளர் பக்கம் திரும்பினார். செயலாளர், "அதெல்லாம் பாக்க வர்றவங்களுக்குக் குழப்பம்" என்று முடித்துவைத்தார்.

"அப்ப கழிப்பறைக்கு வழி காட்ட வேற படம் பாத்துக்குங்க" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினார் மீட்டரக்கா.

மறுநாளே வாரியப் பொறியாளரிடம் அனுமதி கேட்டு, அலுவலகக் காத்திருப்புக் கூடத்தில் பன்னிரண்டு படங்களை மாட்டினார். சங்கத்துக் கண்காட்சி நடந்த அதே வாரம். கணவர் அட்டை வெட்டித் தந்தார். ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தில் எழுதினார்: 'டிஜிட்டல் கேமரா. வானம் இருட்டாக்கியது. இடது சுவர் வெளுப்பாக்கியது. எதையும் சேர்க்கவில்லை, நீக்கவில்லை.' புகார் கொடுக்க வந்தவர்கள் வரிசையை விட்டுவிட்டுப் படம் பார்த்தார்கள். ஜன்னலோரம் சவரம் செய்தவர் குடும்பத்தோடு வந்து தன் நுரை முகத்துக்கு முன் நின்றார். "இவ்வளவு அழகன் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கேன், நீ கண்டுக்கவே இல்ல பாரு" என்று மனைவியை வம்புக்கிழுத்தார்.

நான்காம் நாள் டாக்டர் வந்தார். எல்லா அட்டைகளையும் படித்தார். ஒரு படத்தருகே விரலைக் கொண்டுபோனார். "இந்த பல்பைச் சுத்தி ஒண்ணுமே இல்லாம வெளுத்துப் போச்சு. பிலிம்ல இப்படி அறுத்த மாதிரி நிக்காது."

"நிக்காதுதான். மெல்லக் கரைஞ்சிருக்கும். அதை நான் எப்ப இல்லேன்னேன்? இருங்க, அட்டையில எழுதிடறேன்." அங்கேயே பேனாவை எடுத்து எழுதினார்: 'பல்பு வெளுத்துவிட்டது. என் தவறு.'

டாக்டர் அந்த வரியையும் படித்தார். "உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்திம்மா."

"கை வெந்தப்பவே விட்டிருக்கணும் டாக்டர். அப்பவே விடல. இனிமேயா விடப்போறேன்?"

விதி இன்னும் மாறவில்லை. மீட்டரக்கா சங்கத்தை விட்டு விலகவும் இல்லை. ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாமல் போய் முன்வரிசையில் உட்காருகிறார். இதரப் பிரிவை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறார், தோற்கிறார். முதல் வருடம் ஆதரவாக உயர்ந்த கை அவருடையது மட்டும். போன வருடம் ஒன்பது. பதினான்கு வேண்டும். கூட்டத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. தீர்மானத்தை நேற்றே செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.